சவுக்குக் கம்பும் மேஸ்திரி சாவியும்

செம்பட்டி போகிற வழியில் ஒரு அரிசி ஆலை இருக்கிறது. அதன் நெல் தொட்டிக்கு ஏறுகிற இருபத்தாறு படியும் நான் கட்டியது. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் டிரம்களைச் சுற்றி ஓடுகிற இரும்பு மேடை நான் போட்டது. உப்பும் சுண்ணாம்பும் இரும்பைத் தின்கிற அந்த இடத்தில் அது இன்றும் அசையாமல் நிற்கிறது. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலுக்கு மணிக்கூண்டு ஏணி. பழனி ரோட்டில், வெளியூர்க் கம்பெனி வந்து பார்த்துவிட்டு முடியாது என்று போன தண்ணீர்த் தொட்டிக்குச் சுருள் படி. நூல் மில்கள் மட்டும் ஒன்பது.

இத்தனையும் அஞ்சாப்பு முடிக்காத ஒருவன் செய்தது. எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் வெல்டிங் மெஷின் வாடகை, கண்ணாடி இரவல். பாதி நாள் கரன்ட் இருக்காது. இன்ஜினியர்கள் என் பெயரைக் கேட்கமாட்டார்கள், "யாருப்பா அந்த வெல்டர்?" என்பார்கள். இருந்தும் கட்டினேன்.

என் படிகளில் எத்தனை ஆயிரம் கால்கள் ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிச் சொல்ல முடியாது. விழுந்தவர்களை எண்ணிச் சொல்ல முடியும். ஒரே ஒரு ஆள்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மருமகள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். "மாமா, இத எழுதணுமா? போன வாரம் மாதிரி நல்லதா எதாச்சும் சொல்லுங்களேன்."

போன வாரம் பத்திரிகையில் வந்தது தொட்டி தூக்கிய கதை. அதற்கு நாலு கடுதாசி வந்ததில் அவளுக்குப் பெருமை. "இதுவும் நல்லதுலதான் முடியும், எழுதும்மா" என்றேன்.

பொரியும் மஞ்சள் பெயின்ட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். ஊருக்கு மேற்கே ஒரு நூல் மில்.

மற்ற நாளில் மில்லுக்குள் நுழைந்தால் மூக்கில் பஞ்சுத் தூசிதான் ஏறும். அன்றைக்கு டர்பன்டைன் வாடையும் மாவிலை வாடையும் சாம்பிராணியும் கலந்து அடித்தது. மெஷின்கள் நின்றிருந்தன. எப்போதும் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள் அந்த அமைதியிலும் கத்தியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாழைக் கன்றுகள், ஒரு மூட்டை பொரி, பூசணிக்காய்கள்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் முதலில் பெயின்ட்தான். துடைப்பதும் கழுவுவதும் அப்புறம். மெஷின் கால், கதவு, தீயணைக்கும் வாளி, கைப்பிடி, எதையும் விடமாட்டார்கள். நான் கிறிஸ்தவன், ஆனால் என் பட்டறையிலும் பூஜை உண்டு, பெயின்ட் உண்டு. பெயின்ட் காயாத இரும்பைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்துச் சிரிப்பதுதான் எங்களுக்குப் பண்டிகை.

அந்த மில்லில் மாடிக்கு ஏறும் இரும்புப் படி என்னுடையது. இருபத்திரண்டு படிகள். மாடியில் நூலைக் கோன்களில் சுற்றும் மெஷின்கள். மாடி விளிம்பு நெடுகக் கைப்பிடி. எல்லாம் புது மஞ்சளில் பளபளத்தது.

பாண்டியம்மாள் தோரணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனாள். கோன் பகுதியில் வேலை செய்பவள், முப்பது வயதுக்குள் இருக்கும். மில்லில் பூக் கட்டுவது, தோரணம் கட்டுவது எல்லாம் அவள்தான், அதில் மற்றவர் கைவைத்தால் கோபம் வரும். கீழே என்னைப் பார்த்ததும், "சூசை அண்ணே, பொரி வாங்காமப் போயிராதீக, அண்ணிக்கும் சேத்து வாங்குங்க" என்றாள்.

மேலே போய், விளிம்பில் நின்று, மாவிலைச் சரத்தின் ஒரு முனையைத் தூணில் கட்டினாள். மறுமுனையை எட்டிக் கட்டக் கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்தாள்.

மளுக்கென்று ஒரு சத்தம்.

முப்பது வருஷம் இரும்போடு கிடந்தவன் நான். பைப் வளைந்தால் முனகும், வெல்டிங் விட்டால் வெடிக்கும். மளுக்கென்பது மரத்தின் சத்தம். அவள் கீழே வந்து சேருவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உடைந்தது என்ன என்று.

ஒரு மாதத்துக்கு முன்னால்

அந்தக் கம்பைக் கட்டியது நான்.

பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் மாடிக்குப் புது மெஷின் வந்தது. படி வழியாக ஏற்ற முடியாது. மேலே செயின் பிளாக் மாட்டி, கீழிருந்து நேராகத் தூக்கி, விளிம்பு வழியாக உள்ளே இழுக்க வேண்டும். அதற்குக் கைப்பிடி இடைஞ்சல். என்னைக் கூப்பிட்டார்கள். நான் கேஸ் கட்டரால் ஆறடி அகலத்துக்குக் கைப்பிடியை அறுத்தெடுத்தேன். மெஷின் ஏறிவிட்டது.

திரும்ப வைத்து ஒட்டப் போனபோது பெருமாள் மேஸ்திரி தடுத்தார். மாடிப் பகுதி அவர் பொறுப்பு. குரலில் மட்டும் முரடு, மனசில் ஒன்றும் கிடையாது.

"ஏப்பா சூசை, இன்னும் ரெண்டு மெஷின் வருது. இப்ப ஒட்டிப்புட்டுத் திரும்ப அறுக்கப் போறியா? செத்த பொறு. எதையாச்சும் கட்டி வையி."

நியாயமாகத்தான் பட்டது. வெளியே பந்தல் போட்டு மிஞ்சிய சவுக்குக் கம்பு கிடந்தது. அளவு பார்த்து வெட்டி, இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். "தற்காலிகந்தானே மேஸ்திரி" என்றேன். அவரும் "தற்காலிகந்தான்" என்றார்.

மரக் கம்பு மரக் கம்பாகத் தெரிந்தவரை ஒரு ஆபத்தும் இல்லை. பட்டை உரிந்த சவுக்கைப் பார்த்து யாரும் அதில் சாயமாட்டார்கள், ஒதுங்கித்தான் போனார்கள். பூஜைக்குப் பெயின்ட் அடித்தபோதுதான் விவகாரம் ஆனது. கைப்பிடிக்கு மஞ்சள் அடித்தவர்கள் கம்புக்கும் அடித்தார்கள். கயிற்றுக்கும் அடித்தார்கள். அதே தடிமன், அதே நிறம், அதே பளபளப்பு. கீழே நின்று பார்த்த எனக்கே எது பைப், எது கம்பு என்று தெரியவில்லை. அறுத்தவன் நான், கட்டியவனும் நான்.

பண்டிகைக்கு எல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று செய்தது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இதை நான் பிறகு எத்தனையோ ஆலைகளில் பார்த்துவிட்டேன். துரு ஏறிய படிக்கு வெள்ளி பெயின்ட், விரிசல் விட்ட வெல்டிங்குக்குச் சிவப்பு பெயின்ட்.

"கவனக்குறைவு"

கீழே கழிவுப் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதில் பாதி உடம்பும் சிமென்ட் தரையில் பாதி உடம்பும் விழுந்தது. உயிர் தப்பியது. வலது தொடையும் மணிக்கட்டும் முறிந்தன.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பழம். அவள் கால் மேலே கட்டித் தொங்கியது. முகம் வெளுத்திருந்தாலும் வாய் அப்படியேதான் இருந்தது.

"வாங்கண்ணே. பொரி வாங்கிட்டுத்தான் போனீகளா?"

சிரிக்க முடியவில்லை எனக்கு.

"வலி கெடக்குதுண்ணே, அது ஆறிரும். மில்லுல இருந்து வந்து ஒரு தாளுல கைநாட்டு வாங்கிட்டுப் போனாக. அந்த நேரம் எனக்கு ஊசி மயக்கம். நகல் இங்கதான் இருக்கு. நர்சம்மாகிட்ட வாசிக்கச் சொன்னேன். 'தன்னுடைய கவனக்குறைவால் தவறி விழுந்தார்'னு போட்டிருக்காம்."

"எழுதுறவன் எதையாச்சும் எழுதுவான் தாயி, விடு" என்றேன்.

"எப்படிண்ணே விடுறது? கவனக்கொறைவுன்னு பேரு எடுத்தவள எந்த மில்லுல சேப்பாக? ஒம்பது வருசமா ஓடுற மெஷின்ல கைய விட்டு நூல் முடியுறேன், ஒரு விரல்ல கீறல் கெடையாது. கைப்பிடின்னு நெனச்சுத்தான சாஞ்சேன்? அது கம்புன்னு எனக்கு யாரு சொன்னா? எந்தப் பாவி கட்டுனானோ."

அந்தப் பாவி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்துத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வரி மாற வேண்டும் என்பதுதான். கால் கூடிய பிறகு மில் வாசலில் போய் நிற்க அந்த வரி விடாது.

மானேஜர் சொன்ன வழி

மறுநாள் மில் மானேஜர் பட்டறைக்கே வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பேச்சில் மரியாதை குறையவே குறையாது.

"ஏனுங்க சூசை, வியாழக்கெழம ஆபீசர் பார்க்க வர்றாருங்க. அதுக்குள்ள பைப்பு வச்சு ஒட்டி, மஞ்ச அடிச்சுருங்க. கேட்டா, பைப்பு எப்பவும் இருந்துச்சுன்னு சொன்னாப் போதுமுங்க. அந்தப் பொண்ணு கைப்பிடி மேல ஏறி நின்னு கட்டப் பார்த்துச்சு, அம்புட்டுத்தானுங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லதுங்க."

"சரி சார்" என்றேன்.

போய் ஒட்டினேன். அந்த மில்லில் நான் செய்த வெல்டிங்கிலேயே அதுதான் சுத்தமானது. தடவிப் பார்த்தால் இணைப்பே தெரியாது. அவ்வளவு திறமையை அவ்வளவு கேவலமான காரியத்துக்குக் காட்டினேன்.

உடைந்த கம்புத் துண்டுகள் இரண்டையும் மேஸ்திரி என் பைப்புகளோடு சேர்த்து வண்டியில் போட்டு அனுப்பியிருந்தார். அவை பட்டறை மூலையில் கிடந்தன.

வியாழக்கிழமை காலை. பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் மனைவி லூர்து வெந்நீர் அடுப்புக்கு விறகு பொறுக்க வந்தாள்.

"ஏங்க, இந்த மஞ்சக் கம்புல பெயின்ட்டு வாடை அடிக்குது. அடுப்புல போடலாமா?"

"போடு" என்றேன்.

இதையும் எழுதும்மா என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். போடு என்று நான்தான் சொன்னேன்.

அவள் ஒரு துண்டை அடுப்பில் சொருகினாள். மஞ்சள் பெயின்ட் கொப்பளித்து, கறுத்து, கரும்புகை கிளம்பியது. லூர்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "எங்க கெடந்தது இது?" என்று கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"இது அந்தப் புள்ள விழுந்த கம்பா?"

நான் போய்க் கம்பை அடுப்பிலிருந்து உருவினேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். புஸ்ஸென்று அடங்கியது.

"சட்டை மாத்திட்டுப் போங்க" என்றாள்.

எரிந்த முனை

நான் சாக்கில் சுற்றிய கம்போடு போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை ஆய்வாளர் மாடியில் இருந்தார். ஒல்லியான மனிதர். கைப்பிடியைச் சாவியால் தட்டிக்கொண்டே நடந்தார். மானேஜர் ஒரு எட்டு பின்னால். பெருமாள் மேஸ்திரி இரண்டு எட்டு பின்னால்.

"இது புதுசா இருக்கே?"

"வருசா வருசம் பூஜைக்குப் பெயின்ட் அடிப்போமுங்க சார். அதான் புதுசாத் தெரியுதுங்க."

நான் சாக்கை அவர் காலடியில் பிரித்தேன்.

"இதுதான் சார் அங்க இருந்தது. பைப்பு நான் நேத்து வச்சது."

ஆய்வாளர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகச் சவுக்கு. முறிந்த இடத்தோடு முறிந்த இடத்தைச் சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. பிறகு மறு முனையைத் திருப்பினார்.

"இது ஏன் கருகியிருக்கு?"

"எரிக்கப் பார்த்தேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"பெயின்ட் அடிச்சது?"

கீழே மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. பெருமாள் மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு விடாம அடிங்கடான்னு நான்தான் சார் சொன்னேன். ஒண்ணு விடாம அடிச்சுப்புட்டாங்க."

விபத்துப் பதிவேடு வந்தது. பழைய வரியை அடிக்கச் சொல்லி, புது வரி எழுத வைத்தார் ஆய்வாளர். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'கைப்பிடி அகற்றப்பட்ட இடத்தில் ஒப்பந்தக்காரர் மரக் கம்பு கட்டியதாலும், அது கைப்பிடி போலத் தெரியும்படி வர்ணம் பூசியதாலும் விபத்து நேர்ந்தது. தொழிலாளியின் தவறு இல்லை.'

என் பெயர் அதில் இல்லை. ஒப்பந்தக்காரர் என்று மட்டும் இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வரியை மனப்பாடமாக ஒப்பித்தேன். கூடவே, கட்டிய பாவி நான்தான் என்பதையும் சொன்னேன். பாண்டியம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஆரஞ்சுப் பழத்துக் கொட்டைய எடுத்து எடுத்து வச்சீக. இம்புட்டுப் பாசமா ஒரு வெல்டர் எதுக்கு இருக்காருன்னு அப்பவே நெனச்சேன்" என்றாள். அப்புறம், "அந்தக் கடைசி வரிய இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே."

"தொழிலாளியின் தவறு இல்லை."

"இன்னொருக்கா."

மூன்று தடவை சொன்னேன்.

ஒரு பழைய கதை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பிறந்தது விவசாயக் குடும்பம். வெங்காயம், தக்காளி. கிணறு வற்றிய வருஷம் நான் திண்டுக்கல்லுக்கு வந்து முதலில் சேர்ந்தது பூட்டுப் பட்டறையில். ஆறு வருஷம் அரம் பிடித்தேன். மலைக்கோட்டை நிழல் சாய்கிற தெருவில், நாள் முழுக்கக் கிறீச் கிறீச்சென்று ராவுகிற சத்தம். இன்றும் பல் கூசும்.

அங்கே நான் கற்றுக்கொண்டதில் ஒரு பூட்டு உண்டு. பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்து கிடக்கும்போது சாவியைக் கவ்விக்கொள்ளும், என்ன இழுத்தாலும் விடாது. கடையைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிற மறதிக்காரர்களுக்காகச் செய்தது. கடைக்காரர்கள் அதைக் கண்டபடி திட்டுவார்கள், ஆனாலும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

மூன்று தோல்விகள்

ஆய்வாளர் வந்துபோன பிறகு நாலைந்து மாதம் அந்த மில் கேட்டில் எனக்கு வழி இல்லை. மானேஜர் மரியாதையாகவே கைவிட்டார். "வேலை இருந்தாச் சொல்லி அனுப்பறேனுங்க" என்றார், அனுப்பவில்லை.

ஆனால் பாக்கி இரண்டு மெஷின்களும் வந்து இறங்கின. அவற்றை ஏற்ற வேண்டும். கைப்பிடியை அறுக்கவும் பயம், அறுக்காமலும் முடியாது. பெருமாள் மேஸ்திரி மொபெட்டில் வந்து பட்டறை வாசலில் நின்றார்.

"ஏப்பா, வந்து எதையாச்சும் பண்ணு. ஆனா கம்பு மட்டும் கட்டாத."

இனி அறுப்பதே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த ஆறடியை ஒரு இரட்டைக் கதவாக மாற்றினேன். வெளியே வெறும் வெளிதானே, அதனால் உள்பக்கமாக மட்டும் திறக்கிற கதவு. மேலே ஒரு பைப், நடுவில் ஒரு பைப், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தகடு, கோன் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமல் இருக்க. உயரத்துக்கு நான் புத்தகம் பார்க்கவில்லை. மாடியில் வேலை செய்தவர்களிலேயே நெட்டையான பெண்ணை நிற்கவைத்து, அவள் இடுப்புக்கு மேல் ஒரு சாண் வைத்தேன். நடுப் பைப்பை, இருப்பதிலேயே குட்டையானவளை நிற்கவைத்து வைத்தேன். பிறகு ஒரு இன்ஜினியர் டேப் வைத்து அளந்துவிட்டு, "சட்டத்துல உள்ளதுக்குக் குறையலையே, யார் சொன்னது?" என்று கேட்டார். "ரெண்டு பொம்பளைங்க சொன்னாங்க சார்" என்றேன்.

கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தேன். ஒருவரும் போடவில்லை. கோன் மூட்டைகளைச் செயின் பிளாக்கில் இறக்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடுகிற மாதிரி செய்தேன். இடைஞ்சல் என்று செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தார்கள். பூட்டுப் போட்டேன். திறந்த பூட்டைக் கொண்டியில் தொங்கவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேஸ்திரி டீ குடிக்கப் போனார்.

மூன்று முறை தோற்றேன். எனக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பாண்டியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். பதிவேட்டில் இருந்த அந்த வரியை மறுக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாள். கீழே உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலை. மாடிப் பக்கம் தலையைத் தூக்கியே பார்க்கமாட்டாள்.

நான் படிக்கட்டு அடியில் உட்கார்ந்து மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அட்டைப் பெட்டியை ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவரு சாவிய மறக்கமாட்டாருண்ணே. கதவத்தான் மறப்பாரு. நீங்க என்ன பூட்டு போட்டாலும் வேல விடுற சங்கு ஊதுனதும் அவரு நெனப்பெல்லாம் அந்த மொபெட்டு மேலதான்."

"மொபெட்டு மேலயா?"

"பொண்டாட்டியக்கூட அப்படித் தொடைக்கமாட்டாரு."

எனக்குள் ஏதோ ராவியது. என் பழைய பட்டறைச் சத்தம்.

"தாயி, கதவு தெறந்து கெடந்தாச் சாவிய விடாத பூட்டு ஒண்ணு எனக்குத் தெரியும்."

அவள் பசைக் கையோடு என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தச் சாவிய மொபெட்டுச் சாவியோட ஒரே வளையத்துல கோத்துருங்க. பிரிக்க முடியாம ஒட்டிருங்க. நீங்கதான் வெல்டராச்சே."

சங்கு ஊதியது

ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பூட்டைச் செய்தேன். கதவு வந்து சேராமல் பூட்டின் நாக்கு நீளாது. நாக்கு நீளாமல் சாவி வெளியே வராது. மேஸ்திரியிடம் மொபெட் சாவியை வாங்கி, இரண்டையும் ஒரு இரும்பு வளையத்தில் கோத்து, வாயை ஒட்டிவிட்டேன். மானேஜர் சம்மதித்தார். மேஸ்திரிக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. "பளபளன்னு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

முதல் நாள். சாயங்காலச் சங்கு ஊதியது. பெருமாள் மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஷெட்டுக்குப் போனார். மொபெட் சீட்டைத் துடைத்தார். பாக்கெட்டில் கைவிட்டார். மறு பாக்கெட். இடுப்பு.

ஷிப்ட் விட்டு வந்தவர்கள் மொத்தப் பேரும் நின்று பார்த்தார்கள்.

"என்ன மேஸ்திரி, வண்டி வரமாட்டேங்குதா?"

"தள்ளி விடவா மேஸ்திரி?"

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் சாவிக் கொத்து தொங்கியது.

"அடேய் சூசை!" என்று கத்தினார். இருபத்திரண்டு படி ஏறினார். கதவைச் சாத்தினார். நாக்கு நீண்டது, சாவி வந்தது. இறங்கி வந்து என்னைப் பார்த்து, "நல்லா இருப்பா நீயி" என்றார். அந்தக் குரலில் வாழ்த்து இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அந்தக் கதவு திறந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

மறு வாரம் பாண்டியம்மாள் மாடிக்கு ஏறினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியை டம்ளரால் தட்டினாள். கணீர், கணீர் என்று கேட்டது. மேலே போய் விளிம்பு நெடுகத் தட்டினாள். கதவைத் தட்டினாள். அப்புறம் அதைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கினாள். அசையவில்லை. இடுப்பைச் சாய்த்து நின்று கீழே பார்த்தாள்.

"இரும்புதாண்ணே" என்றாள்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு அந்த மில்லில் ஒரு புது முறை வந்தது. பெயின்ட் வாளி திறப்பதற்கு முன்னால் பாண்டியம்மாள் டம்ளரோடு ஒரு சுற்று வருவாள். தட்டி, உலுக்கி, அவள் சரி என்ற பிறகுதான் பிரஷ். பூஜையன்று முதல் குங்குமம் அந்தக் கதவுக்கு. தோரணம் கட்டுவது இன்னும் அவள்தான்.

என் பங்கு

அதற்குப் பிறகு அந்தக் கதவு ஊர் சுற்ற ஆரம்பித்தது. இரண்டாயிரம் பிறந்த பின்னால் சுற்றுவட்டாரத்தில் புது மில்கள் நிறைய வந்தன, நான் போட்ட கதவைப் பார்த்துப் போனவர்கள் அவரவர் பட்டறையில் செய்துகொண்டார்கள். தோல் ஷாப்பில் டிரம் மேடைக்கு நானே போட்டேன். அரிசி ஆலையில் மொபெட் சாவிக்குப் பதில் சாப்பாட்டு அலமாரிச் சாவியைக் கோத்தோம். அங்கே மேஸ்திரிக்குப் பசி பொறுக்காது.

போன மாதம் ஒரு மில்லின் புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். கூப்பிட்டார்கள், மருமகளையும் பாண்டியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். மாடி விளிம்பில் என் கதவு. பூட்டு, நாக்கு, சாவி வளையம், அடித் தகடு, எல்லாம் அப்படியே. பக்கத்தில் பளிங்குப் பலகை. மருமகள் வாசித்தாள். வடிவமைப்பு என்று ஒரு வெளியூர் நிறுவனத்தின் பெயர். கீழே சின்ன எழுத்தில், தயாரிப்பு: உள்ளூர் பட்டறை.

பக்கத்தில் பாண்டியம்மாளும் நின்றாள். இப்போது முடி நரைத்துவிட்டது. "ஒங்க பேரு எங்கண்ணே?" என்று கேட்டாள்.

ஒரு வரிக்காக அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஏன் அப்படித் தவித்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

ஆகவே இந்தப் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்தக் கதவைச் செய்தது உள்ளூர் பட்டறை இல்லை. பட்டறைக்கு ஒரு பெயர் இருக்கிறது. சூசைமாணிக்கம். பலகையில் அதைப் போடுங்கள். சாவியைக் கோக்கச் சொன்னது பாண்டியம்மாள், அதையும் அடுத்த வரியில் போடுங்கள். பெருமாள் மேஸ்திரி பெயரைப் போட்டால் அவர் சண்டைக்கு வருவார், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பழைய மில்லில் விபத்துப் பதிவேடு இன்னும் பீரோவில் இருக்கும். அதில் 'ஒப்பந்தக்காரர்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த இடத்திலும் என் பெயரையே எழுதுங்கள். கம்பைக் கட்டியவனும் கதவைச் செய்தவனும் ஒரே ஆள். ஒன்றில் மட்டும் பெயர் போடுவதானால் எனக்கு வேண்டாம்.

எழுதுகிறவருக்கு என் பெயரில் சந்தேகம் வந்தால் ஆள் அனுப்புங்கள். ஒவ்வொரு எழுத்தாக நானே சொல்லித் தருகிறேன். அந்த அளவு படிப்பு எனக்கு உண்டு.